மஞ்சள் காய்ச்சல் ஊசி: ஆப்பிரிக்கா கிளம்பும் முன் நடக்கும் தவறுகள்

அக்கா குடும்பம் உகாண்டாவுக்குக் குடிபோகத் தயாரானபோது, அத்தான் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். “இதோ, மஞ்சள் காமாலை ஊசி போட்டாச்சே!” அது ஹெபடைடிஸ் பி ஊசி. மஞ்சள் காய்ச்சல் வேறு, காமாலை வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவும் வைரஸ் நோய். அதற்கான ஊசி நம் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் கிடையாது.

பக்கத்து கிளினிக்கிலும் இதைப் போட முடியாது. அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான், பயணத்தின்போது காட்ட வேண்டிய சான்றிதழ் அட்டை செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. மருந்தைக் கலக்கிவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால், மையங்கள் ஆட்களைச் சேர்த்து, குறிப்பிட்ட நாட்களில்தான் போடுகின்றன. நினைத்த நாளில் போய் நிற்காமல் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டையும் மறக்காதீர்கள், அட்டையில் பெயரும் எண்ணும் அதில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

அடுத்த தவறுதான் பணத்தைக் கரைப்பது. போட்ட நாளிலிருந்து 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். மார்ச் 1 போட்டால் மார்ச் 11. அக்காவின் டிக்கெட் 9ஆம் தேதிக்கு! உகாண்டாவோ ஒரு வயது தாண்டிய எல்லாரிடமும் அட்டை கேட்கும் நாடு. டிக்கெட்டை மாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொரு சிக்கல் பாப்பாவால் வந்தது. 9 மாதம் முடிந்து, தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டுமே உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தவை. இப்படிப்பட்ட இரண்டை ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் 4 வாரம் இடைவெளி விட வேண்டும். கடைசியில் பாப்பாவும் அக்காவும் பின்னால் தனியாகப் போனார்கள். பயணம் முடிவானதுமே, குறைந்தது ஆறு வாரம் முன்னதாக மருத்துவரிடம் போங்கள் என்று நான் எல்லாரையும் நச்சரிப்பது இதனால்தான். 9 மாதம் நிரம்பாத குழந்தை, கர்ப்பிணி, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய், 60 வயது தாண்டியவர், முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர் என யார் வீட்டில் இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

சிலர் போகும் நாடு கேட்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். திரும்பும்போது இந்தியா கேட்கும். இந்தியாவில் இந்த நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. ஒருவர் கிருமியோடு வந்தாலே போதும். அதனால்தான் நோயுள்ள நாட்டிலிருந்து அட்டை இல்லாமல் வருபவரை 6 நாள் வரை தனிமையில் வைக்கிறார்கள். நோய் வெளிப்பட ஆகும் காலம் ஏறக்குறைய அவ்வளவுதான். அடிஸ் அபாபா, நைரோபி போன்ற ஊர்களில் விமானம் மாறுபவர்களும் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய அட்டையில் பத்து வருடம் என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுளுக்கும் செல்லும்.

அப்புறம், மஞ்சள் ஊசி போட்டதோடு வேலை முடிந்தது என்று டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ பற்றிக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். மலேரியாவுக்குப் பயணிகள் நம்புவது மாத்திரையைத்தான். எந்த மாத்திரை என்பதைப் பொறுத்து, ஊர் திரும்பிய பிறகும் ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டும். வீடு வந்ததும் நிறுத்துவது பெரிய தவறு. வந்த பிறகு காய்ச்சல் கண்டால், மருத்துவரிடம் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக ஆப்பிரிக்கா போய்வந்ததைச் சொல்லுங்கள்.