ஷட்டில் சர்வீஸ்: 36 அடிகளை எந்த வரிசையில் அடிக்க வைப்பது?

ஷார்ட் சர்வீஸ் முப்பது, அப்புறம் லாங் முப்பது. பி.டி. பீரியடில் வழக்கம் இதுதான். அன்றைக்குப் பிரமாதமாக விழும். மறுநாள் பாதி வலையில் நிற்கும். 1986இல் குட், மேகில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதையே சோதித்தார்கள்: மூன்று வகை சர்வீஸைக் கலந்து அடித்துப் பழகியவர்கள், பிறகு வைத்த சோதனையில் ஒவ்வொன்றாக அடித்துப் பழகியவர்களை முந்தினார்கள்.

ஒரே அடியை அடுத்தடுத்து அடித்தால் கை போன அசைவையே நகலெடுக்கிறது. வகை மாறும்போதுதான் பிடி, வேகம், உயரம் எல்லாவற்றையும் புதிதாகக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். ஆட்டத்திலும் அப்படித்தான்.

தயாரிப்பு: இருவருக்கு 12 காக் (இறகுப்பந்து). வலைக்கு மேலே ஒரு முழத்தில் கயிறு. ஷார்ட் சர்வீஸ் இரண்டுக்கும் நடுவில் போகவேண்டும். லாங்குக்கு இலக்கு பின்கோட்டை ஒட்டிய 76 செ.மீ. பட்டை. டிரைவுக்கு (தட்டையாக, வேகமாகப் போகும் சர்வீஸ்) நடுக்கோட்டை ஒட்டிய பின்பாதி. கம்பத்தில் 1.15 மீட்டரில் சாக்பீஸ் கோடு. காக் அதற்குக் கீழேதான் அடிபடவேண்டும்.

நாள் 1: வகைக்கு 12, தனித்தனியாக. அசைவின் வடிவமே வராத பிள்ளையிடம் கலந்து கொடுத்தால் மூன்றும் கெடும். இந்த நாளை விட்டுவிடவே கூடாது.

நாள் 2: ஷார்ட், லாங், டிரைவ் என்று சுற்று. மொத்தம் 12 சுற்று.

நாள் 3 முதல்: வகைக்கு 4 என 12 சீட்டு. குலுக்கி, ஜோடி ஆள் ஒவ்வொன்றாகப் படிக்கவேண்டும், அதுவும் சர்வீஸ் போடுபவர் காக்கைப் பிடித்து நின்றபிறகு. மூன்று முறை 36 ஆகிவிடும். ஒரே வகை மூன்றாவது தடவை தொடர்ந்து வந்தால் அந்தச் சீட்டை உள்ளே போடுங்கள். திருத்தம் நான்கு அடிக்கு ஒருமுறை போதும்.

இங்கேதான் ஆசிரியர்கள் பின்வாங்குவார்கள். இலக்கில் விழும் எண்ணிக்கை சட்டென்று இறங்கும், பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். அடுத்த வகுப்பின் தொடக்கத்தில், வார்ம் அப் முடிந்ததும், சர்வீஸ் ஒத்திகையில்லாமல் பழகிய வலப்பக்கக் கட்டத்திலிருந்து 9, பழகாத இடப்பக்கக் கட்டத்திலிருந்து 9 போடச் சொல்லி எண்ணுங்கள்.

ஒரு வகை மட்டும் தொடர்ந்து சொதப்பினால் அதை மட்டும் 6 தடவை தனியாக அடிக்கவிட்டு, உடனே சீட்டுக்குத் திரும்புங்கள்.