கஞ்சா இழுத்தா பயக்கனவு வராதோ? அதிர்ச்சிக்குப் பிறகு முதல் மாசம் வீட்டில என்ன செய்யலாம்

ஏ-9 றோட்டில அக்சிடென்ட் பட்டுத் தப்பி வந்த பொடியனிட்ட "ரெண்டு இழுவை இழுடா, எல்லாம் மறக்கும்" எண்டு சொல்லுற கூட்டாளி இப்ப ஆராய்ச்சியும் இருக்கு எண்டு போனைத் தூக்கிக் காட்டுறான்.

ஆராய்ச்சி இருக்குத்தான், ஆனா எலியில. இஸ்ரேலில ஹைஃபா யூனிவர்சிட்டிக்காரர் எலியளைக் கடுமையாப் பயப்படுத்திப்போட்டு ஒரு செயற்கைக் கன்னாபினாய்ட் (கஞ்சாச் சத்து மாதிரி வேலை செய்யிற மருந்து) ஊசி ஏத்திப் பாத்தவை, 2012ல வெளிவந்தது. 24 மணித்தியாலத்துக்குள்ள போட்டதுகளுக்குப் பிறகு அந்தத் திடுக்கிடுறது எல்லாம் குறைவு, 48 மணித்தியாலம் கழிச்சுப் போட்டா பிரயோசனமில்லை. நல்ல கண்டுபிடிப்புத்தான், ஆனா அது அளந்து போட்ட ஊசி, கடலால வாற கேரளாக் கஞ்சாவில வெறி ஏத்துற டிஎச்சிச் சத்து எவ்வளவு இருக்கெண்டு விக்கிறவனுக்கே தெரியாது, கூடிப்போனா பதட்டம் இன்னும் ஏறும், சிலருக்கு மனமே குழம்பும். பி.ரி.எஸ்.டி (அதிர்ச்சிக்குப் பிறகு விடாம நிக்கிற மனவருத்தம்) இருக்கிற அமெரிக்க முன்னாள் படைக்காரருக்குப் புகைக்கக் குடுத்துப் பாத்த 2021 ஆய்வில சத்தில்லாத வெறும் டம்மியை விட அது பெரிசா உதவேல்ல. பொலிஸ் பிடிச்சா வாற வில்லங்கம் வேற.

அப்ப என்ன செய்யிறது? முதல்ல ஆளைப் பாதுகாப்பான இடத்தில இருத்தி பிளேன்ரீ, சாப்பாடு, படுக்க இடம் பாருங்கோ, தனிய விடாதேங்கோ. தானாக் கதைச்சா குறுக்க விழாமக் கேளுங்கோ, ஆனா "எப்பிடி நடந்தது, சொல்லு சொல்லு" எண்டு கிண்டாதேங்கோ. பாக்க வாற சொந்தக்காரர் ஒவ்வொருத்தருக்கும் முதலில இருந்து ஒப்பிக்க வைக்கிறது எங்கட ஊரில பெரிய கரைச்சல், வாசலிலயே சொல்லி வையுங்கோ. நித்திரை வரேல்லயெண்டு பாமசியில வேலியம் மாதிரிக் குளிசை வாங்கிக் குடுக்காதேங்கோ, முதல் மாசம் இதுக்கெண்டு அந்தக் குளிசையளைக் குடுக்கவேண்டாமெண்டு உலக சுகாதார நிறுவனமே 2013ல சொல்லிப்போட்டுது. சாராயமும் வேண்டாம்.

முதல் கொஞ்ச நாள் கெட்ட கனவு, சத்தம் கேட்டாத் துள்ளுறது எல்லாம் கனபேருக்கு வாறது, அநேகமாத் தானாக் குறையும். ஒரு மாசம் தாண்டியும் அப்பிடியே இருந்தா, இல்லாட்டி அந்த றோட்டுப் பக்கமே போகமாட்டன் எண்டு நிண்டா, யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியிலயோ தெல்லிப்பழையிலயோ மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அங்க கதைச்சுச் செய்யிற சிகிச்சை இருக்கு, தேவையெண்டா மருந்தும் டொக்டர் எழுதுவார். சாகோணும் எண்டு வாயில வந்தா மட்டும் மாசம் எண்ணிக்கொண்டிராம அண்டைக்கே போங்கோ, நடுச்சாமமெண்டாலும் மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுக்கலாம்.