ஒரே பெயர், இரண்டு கார்டுகள்: நடுத்தர விலை கிராபிக்ஸ் கார்டு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இளம்பிள்ளையிலிருந்து ஒரு கல்லூரி மாணவன் தன் கணினிப் பெட்டியைப் போர்வையில் சுற்றி பைக்கில் கொண்டுவந்தான். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த தம்பி அதை மடியில் வைத்துப் பிடித்திருந்தான். "அண்ணா, என் நண்பனிடம் இருக்கும் அதே கார்டுதான். அவனுக்கு வரும் வேகம் எனக்கு வரவில்லை. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மூன்று முறை மாற்றிப் பார்த்துவிட்டேன்" என்றான்.

சேலம் ஐந்து ரோடு அருகே கணினி அசெம்பிள் செய்து தருவது என் வேலை. அவன் பேசி முடிப்பதற்குள்ளேயே காரணம் என்னவாக இருக்கும் என்று மனதுக்குத் தட்டிவிட்டது. நானும் ஒருகாலத்தில் இதே குழியில் விழுந்தவன்தான். ஸ்லாட்டில் சரியாகப் பொருந்தாத கார்டு, மறந்துபோன மின் இணைப்பு போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை; அவற்றை ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். பணம் போனபின் திரும்பாத தவறுகளைத்தான் சொல்கிறேன்.

பெயரை மட்டும் பார்த்து ஒப்பிடுவது

கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருளை அவன் கணினியில் திறந்தேன். ஆர்டிஎக்ஸ் 3060 என்று பெயர் சரியாகவே இருந்தது. 'பஸ் விட்த்' என்ற கட்டத்தில், அதாவது சிப்புக்கும் நினைவகத்துக்கும் நடுவே உள்ள பாதையின் அகலத்தில், 128 பிட் என்று இருந்தது. ஒரு பிட் என்பது ஒரு தடம். நண்பனின் கணினியிலும் அதே பக்கத்தைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பத்து நிமிடத்தில் படம் வந்தது: 192 பிட்.

3060 என்ற பெயரில் 2021-ல் வந்தது 12 ஜிபி கார்டு. 2022 இறுதியில் அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் வந்தது. 4 ஜிபி நினைவகம் குறைவு, வேறென்ன என்று தோன்றும். கணக்குப் போட்டால் தெரியும். இரண்டிலும் நினைவகத்தின் வேகம் ஒரு தடத்துக்கு நொடிக்கு 15 ஜிகாபிட். 192 தடங்கள் என்றால் 192 × 15 ÷ 8 (எட்டு பிட் ஒரு பைட்), அதாவது நொடிக்கு 360 ஜிபி. 128 தடங்கள் என்றால் 240 ஜிபி. இரண்டிலும் கோர்கள் 3,584 தான். வேலை செய்யும் கைகள் குறையவில்லை. கைக்குப் பொருள் வந்துசேரும் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அந்த மாணவன் படித்த வேக அட்டவணைகள் எல்லாம் 12 ஜிபி கார்டில் எடுத்தவை. வாங்கியது வேறு கார்டு.

எனக்கு இது நேர்ந்தது 2017-ல். ஜிடிஎக்ஸ் 1060-ஐ 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு விதமாக விற்றார்கள். நினைவகம் மட்டும்தான் பாதி என்று நம்பி, மாதக்கணக்கில் மிச்சம் பிடித்த பணத்தில் 3 ஜிபி வாங்கினேன். 6 ஜிபி கார்டில் 1,280 கோர்கள், என்னுடையதில் 1,152 என்பது மாட்டி முடித்தபிறகுதான் தெரிந்தது. ஓராண்டுக்குள் புது விளையாட்டுகளில் படங்கள் மங்கலாக வந்தன. விற்கப் போனபோது, 3 ஜிபியா என்று கேட்டுவிட்டுப் பாதி விலைதான் சொன்னார்கள்.

இன்றும் இதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. நம் ஊரில் கொலுசு வாங்கப் போகிறவர் வேலைப்பாட்டை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. டச், அதாவது வெள்ளியின் சுத்தம், எத்தனை என்று கேட்டு, எடை போட்டுப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். செவ்வாய்ப்பேட்டையில் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த வழக்கம் இது. அதே வீட்டுப் பிள்ளை முப்பதாயிரம் ரூபாய்க்குக் கார்டு வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்கிறான்.

ஒரே பெயரில் வரும் இரட்டைக் கார்டுகள் எல்லாமே ஒரே வகை என்றும் நினைத்துவிடாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டில் 8, 16 ஜிபி இரண்டுக்கும் கோர்கள் 4,352; பாதையும் 128 பிட் தான். அங்கே வித்தியாசம் நினைவகத்தின் அளவு மட்டும். 2025-ல் வந்த 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 8, 16 ஜிபி என இரு அளவுகளில் கிடைக்கின்றன. ஜிடி 1030-ல் நினைவகத்தின் வகையே மாறியது: முதலில் வந்த ஜிடிடிஆர்5 கார்டுக்கு நொடிக்கு 48 ஜிபி, 2018-ல் வந்த டிடிஆர்4 கார்டுக்கு 16.8 ஜிபி. அதனால் கடையில் நான்கைக் கேளுங்கள்: எத்தனை ஜிபி, எந்த வகை, எத்தனை பிட், எத்தனை கோர்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் தயாரிப்பாளரின் பக்கத்தை அங்கேயே திறந்து பாருங்கள். பில்லிலும் ஜிபியைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அந்த மாணவனின் பில்லில் '3060' என்று மட்டும் இருந்தது. பெட்டி பிரித்தாகிவிட்டது என்று கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள்.

கார்டை ஒப்பிட்டு, மதர்போர்டை மறப்பது

கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால் மிச்சம் கணினியின் ராமிலிருந்து ஸ்லாட் வழியாக வர வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு உள்ளே நொடிக்கு 272 ஜிபி வேகம். ஸ்லாட்டில் அது பயன்படுத்துவது எட்டுத் தடங்கள்தான்: பிசிஐஇ (ஸ்லாட்டின் தரம்) 4.0 உள்ள போர்டில் நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி, பழைய 3.0 போர்டில் 8. நான்குவழிச் சாலையில் வந்த வண்டிகள் அடிவாரத்தில் திரும்பி ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது போல. என்னிடம் வரும் கணினிகளில் பாதி பி450, ஏ520, எச்410 போர்டுகள், எல்லாம் 3.0. ரைசன் 5600ஜி வைத்திருப்பவர்கள் பி550 போர்டு போட்டிருந்தாலும் 3.0 தான் கிடைக்கும், பிராசஸரே அவ்வளவுதான் தரும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நான்கே தடங்கள், நினைவகமும் 4 ஜிபி. அதைப் பழைய போர்டில் மாட்டித் தரும்படி கேட்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

இன்டெல் ஆர்க் பி580 நடுத்தர விலையில் 12 ஜிபி, 192 பிட் தருகிறது, நல்ல கார்டு. ஆனால் பிராசஸர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே வீச்சில் அணுக உதவும் 'ரீசைசபிள் பார்' வசதி போர்டில் இல்லாவிட்டால் தடுமாறும். பழைய பிராசஸருடன் சேர்ந்தால் அட்டவணையில் பார்த்த வேகம் வராது.

சராசரியை மட்டும் படிப்பது

நொடிக்குச் சராசரி 70 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) என்று இருக்கும். நடுவில் அவ்வப்போது அரை நொடி உறைந்து நின்றாலும் சராசரி அதைக் காட்டாது. மிக மெதுவாக வந்த ஒரு சதவீதப் பிரேம்களின் வேகத்தைக் காட்டும் 'ஒரு சதவீதத் தாழ்நிலை' என்ற எண்ணைப் பாருங்கள். இரண்டு கார்டுகளின் சராசரி சமமாக இருந்தால் நான் இந்த எண்ணை வைத்துத்தான் முடிவெடுப்பேன்.

உருவாக்கிய பிரேமையும் வரைந்த பிரேமையும் சேர்த்து எண்ணுவது

2025 ஜனவரியில் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, முந்தைய தலைமுறையின் உச்ச கார்டான 4090-க்கு நிகரான வேகம் தரும் என்று என்விடியா மேடையில் அறிவித்தது. நடுவே செயற்கையாகப் பிரேம்களை உருவாக்கிச் சேர்க்கும் நுட்பத்தையும் கணக்கில் எடுத்துச் சொன்னது அது. படம் வழுவழுப்பாகத் தெரியும். மவுசை அசைத்ததும் கிடைக்கும் பதில் அந்த அளவுக்கு விரைவாகாது. அந்த வசதியை அணைத்து எடுத்த எண்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

டாலர் விலையை வைத்து மதிப்பிடுவது

இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். அமெரிக்காவில் மலிவான கார்டு சேலத்தில் மலிவாக இருக்க வேண்டியதில்லை. இன்றைய உள்ளூர் விலையை, நீங்கள் ஆடும் விளையாட்டில் வரும் பிரேமால் வகுத்துப் பாருங்கள்.

பவர் சப்ளை

பெயர் தெரியாத சப்ளையில் எந்தக் கார்டையும் மாட்டித் தர மாட்டேன்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டர்

கார்டு எவ்வளவு வேகமாக இருந்தாலும் இது நொடிக்கு 60 பிரேமுக்கு மேல் காட்டாது. முதலில் அதை மாற்றுங்கள்.

வெயிலைக் கணக்கில் எடுக்காதது

அட்டவணைகள் குளிரூட்டிய அறையில் எடுக்கப்படுகின்றன. ஒரே மாடல் கார்டைச் சூரமங்கலத்தில் தகரக் கூரை போட்ட மாடி அறையில் ஒருவருக்கும், ஏற்காட்டில் காபித் தோட்டத்து வீட்டில் இன்னொருவருக்கும் மாட்டித் தந்தேன். மே மாதப் பிற்பகலில் சூரமங்கலத்துக் கார்டின் விசிறி பக்கத்து அறை வரை கேட்டது. வேகமும் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. பக்கத் தகட்டைக் கழற்றி, முன்னால் ஒரு விசிறி சேர்த்த பிறகு அடங்கியது. அதே வாரம் ஏற்காட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே கார்டு ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள நான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.