புலம்பெயர்ந்தோர் உரிமைகளுக்கான நிதியுதவித் திட்டங்களை ஒருங்கிணைக்கும் முறை

விண்ணப்பங்களைக் கோருவதற்கு முன்பே, எந்த உரிமைகளுக்காக இந்த நிதி என்பதை ஒருங்கிணைப்பாளர் வரையறுத்துவிட வேண்டும். ஐ.நா. பொதுச்சபை 1990இல் ஏற்று, 2003 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புலம்பெயர் தொழிலாளர் உடன்படிக்கை இதற்கு நல்ல அடிப்படையாகும்; உரிய ஆவணங்கள் இல்லாதவர்களுக்கும் அடிப்படை மனித உரிமைகள் உண்டு என்பதை அது தெளிவாக்குகிறது.

அடுத்து, இதே துறையில் நிதி வழங்கும் பிற அமைப்புகளுடன் பேசி, ஒரே விண்ணப்பப் படிவத்தையும் ஒரே அறிக்கை வடிவத்தையும் ஏற்கச் செய்ய முயலுங்கள். இரண்டு மூன்று பேர் மட்டுமே பணியாற்றும் சிறிய அமைப்பு ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் தனித்தனியே அறிக்கை எழுதும்போது, ஊதியம் மறுக்கப்பட்டவருக்குச் சட்ட உதவி செய்வதற்கான நேரமே அதில் கரைகிறது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது தகவல் பாதுகாப்பில்தான். பயனாளிகளின் பெயர், கடவுச்சீட்டு எண், முகவரி, ஒளிப்படம் ஆகியவற்றை அறிக்கையில் ஒருபோதும் கேட்காதீர்கள். அத்தகைய பட்டியல் குடிவரவு அதிகாரிகளிடமோ, கடவுச்சீட்டைப் பறித்து வைத்திருக்கும் முதலாளியிடமோ சிக்கினால், உதவி நாடியவரே தடுத்து வைக்கப்படலாம் அல்லது நாடுகடத்தப்படலாம். எண்ணிக்கையும் வழக்கின் தன்மையும் போதும்; சரிபார்ப்பு அவசியமெனில், ஆவணங்களை நிதி பெறும் அமைப்பின் அலுவலகத்திலேயே பார்வையிடலாம்.

திடீர்க் கைது, பெருந்திரளான பணிநீக்கம் போன்றவற்றுக்கென நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, சில நாட்களுக்குள் முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சிறு குழுவுக்கு வழங்குங்கள். அக்குழுவில் புலம்பெயர்ந்தோரும் வாக்குரிமையுடன் இடம்பெற வேண்டும். நீதிமன்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதால், வழக்கமான நிதியைப் பல ஆண்டுகளுக்கு உறுதிசெய்வதே முறையாகும்.