எந்த எடை, எத்தனை தடவை? புதிதாக எடை தூக்க வரும் பெண்களுக்கு

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 43. வாரத்தில் இரண்டு நாள், வெயில் ஏறுவதற்கு முன்னால், காலை ஐந்தரைக்கு என் வீட்டு முற்றத்தில் ஏழு பெண்கள் கூடி எடை தூக்குகிறோம். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ எடுக்கணும்க்கா, எத்தனை தடவை தூக்கணும்?" என்றுதான். எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே எண் கிடையாது. ஆனால் உங்களுக்கான எண்ணைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் முதுகு வலிக்காக ராமநாதபுரத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். ஒரு கிலோ டம்பெல்லைக் கொடுத்து முப்பது தடவை தூக்கச் சொன்னார்கள். "லேடீஸுக்கு இது போதும், இதுக்கு மேல போனா ஆம்பளை உடம்பு ஆயிடும்" என்றார்கள். நம்பி நான்கு மாதம் செய்தேன், ஒரு மாற்றமும் இல்லை. வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் வைப்பது நான்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தினமும் 20 கிலோ தூக்கிப் பழகின உடம்புக்கு ஒரு கிலோ என்ன செய்யும்? பழகினதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால்தான் தசைக்கு வலு ஏறும்.

ஆம்பளை உடம்பு ஆகிவிடும் என்ற பயத்தையும் விட்டுவிடுங்கள். ஆண்களுக்குத் தசை திரள உதவும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்கள் உடம்பில் மிகக் குறைவு. டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ உடல் எடைப் பிரிவில் 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி வெள்ளி வாங்கினார். அவர் எவ்வளவு சின்ன உருவம் என்று எல்லாரும் டிவியில் பார்த்தோம்.

சரி, எடையைக் கண்டுபிடிக்கும் வழி. உங்களுக்குச் சுலபம் என்று தோன்றுகிற எடையை எடுத்து நிதானமாகப் பத்து தடவை செய்யுங்கள். முடித்ததும் உங்களையே கேளுங்கள்: இதே நேர்த்தியோடு இன்னும் எத்தனை தடவை முடியும்? ஐந்தாறு முடியும் என்றால் எடை குறைவு. ஆறாவது தடவையிலேயே முதுகு வளைந்தால், மூச்சு முட்டினால், எடை அதிகம். எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் நிறுத்தும்போது, இன்னும் ரெண்டு தடவைக்குத் தெம்பு இருக்க வேண்டும். "கைவசம் ரெண்டு மிச்சம்" என்று எங்கள் முற்றத்தில் சொல்லுவோம். அந்த எடைதான் உங்கள் எடை.

மிச்சம் எவ்வளவு என்று முதல் வாரத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. என் மதினி ஒருத்தி பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவள். ஈரப் பாசி மூட்டையைத் தோளில் போட்டுக் கரையேறுவாள். அவளிடம் மூன்று கிலோ டம்பெல்லைக் கொடுத்துத் தலைக்கு மேல் தள்ளச் சொன்னேன். ஆறு தடவை சரசரவென்று போனது. ஏழாவதில் முழங்கை ஒரு நொடி நின்று மேலே போனது. எட்டாவதில் மணிக்கட்டு பின்னால் சாய்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். "போதும் மதினி" என்றேன். "இன்னும் பத்து தூக்குவேன்" என்றாள். சுமப்பது வேறு தசை, தலைக்கு மேல் தள்ளுவது வேறு தசை. அவளுக்குக் காலுக்கு 15 கிலோ சரி, தோளுக்கு இரண்டு கிலோதான் சரி. அதனால் ஒவ்வொரு பயிற்சிக்கும் தனித்தனியாக எடை பாருங்கள். வேகம் தானாகக் குறையும் அந்த ஒரு தடவைதான் அடையாளம். அதற்குப் பிறகு ஒன்று செய்து நிறுத்திவிடலாம்.

எங்கே தொடங்குவது என்று ஒரு அளவு வேண்டுமே. ஸ்குவாட்டுக்கு முதலில் வெறும் உடம்போடு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். பத்து சுலபமாக வந்தால் ஐந்து கிலோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிரும் டெட்லிஃப்டுக்கு ஒவ்வொரு கைக்கும் ஐந்து கிலோ, ஒரு கையால் இடுப்பை நோக்கி இழுக்கும் ரோவுக்கு நான்கு, தலைக்கு மேல் தள்ளுவதற்கு இரண்டு. புஷ்அப்பைத் தரையில் தொடங்க வேண்டாம், திண்ணையில் கை ஊன்றிச் செய்யுங்கள். திண்ணையும் கஷ்டமாக இருந்தால் சுவரில். இவை நான் தொடங்கிவைக்கும் அளவுகள்தான், பத்து தடவை சோதனையில் எது சரியென்று தெரியுமோ அதுவே கணக்கு.

டம்பெல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஐந்து லிட்டர் கேன் நிறையத் தண்ணீர் ஐந்து கிலோ. பாதிக் கேன் தண்ணீர் தளும்பும், கை ஆடும். அதனால் குறைந்த எடைக்கு மணல் நல்லது. ஒரு லிட்டர் பாட்டிலில் காய்ந்த மணல் சுமார் ஒன்றரை கிலோ பிடிக்கும். ஊகிக்க வேண்டாம், மீன் எடை போடும் தராசில் ஒரு தடவை வைத்துப் பார்த்து, மார்க்கரால் பாட்டிலில் எழுதிவிடுங்கள். எங்கள் ஊர் முற்றமெல்லாம் மணல்தான். மணலில் நின்றுகொண்டு எடையோடு உட்கார்ந்து எழாதீர்கள், குதிகால் புதைந்து முழங்கால் உள்ளே திரும்பும். சிமெண்ட் தரையோ அகலப் பலகையோ வேண்டும். இரும்பு டம்பெல் உப்புக் காற்றில் ஒரே மாதத்தில் துருப்பிடிக்கும், தேங்காய் எண்ணெய் தடவி உள்ளே வையுங்கள்.

குடம் தூக்கியே வளர்ந்தவர்கள் நாம். பெரும்பாலும் ஒரே இடுப்பில்தான் தூக்கியிருப்போம். அதனால் ஒரு கைப் பயிற்சியை வலு குறைந்த பக்கத்தில் தொடங்குங்கள். அந்தப் பக்கம் ஒன்பது வந்தால் மறுபக்கமும் ஒன்பதுதான், முடிந்தாலும் பத்தாவது வேண்டாம்.

முப்பது தடவையாலும் தசை வளரும், ஆனால் ஓய்ந்துபோகும் வரை செய்தால்தான். அதற்குள் முதுகு கோணிவிடும். மூன்று நான்கு தடவைக்கே தெம்பு தீரும் எடை, பழகின பிறகு எடுப்பது. புதியவர்களுக்கு எட்டு முதல் பன்னிரண்டுதான் நிதானமாகக் கற்றுக்கொள்ள வசதி. நிறுத்தாமல் செய்து முடிக்கும் எட்டு முதல் பன்னிரண்டு தடவைதான் ஒரு செட். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு பயிற்சியும் ஒரே செட். அப்புறம் இரண்டு, பிறகு மூன்று. காலுக்கான செட்டுகளுக்கு நடுவில் இரண்டு நிமிடம், கைக்கு ஒன்றரை நிமிடம் உட்காருங்கள்.

எடையைக் கூட்டுவதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். முதலில் தடவையைக் கூட்டுங்கள்: எட்டு, ஒன்பது, பத்து. அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளிலும் எல்லா செட்டிலும் பன்னிரண்டு வந்து, கைவசம் ரெண்டும் மிச்சமிருந்தால் எடையை ஏற்றி மறுபடி எட்டுக்கு வாருங்கள். இரண்டு கிலோவிலிருந்து மூன்றுக்குப் போவது ஒரு கிலோதானே என்று தோன்றும், ஆனால் அது பாதிக்குப் பாதி கூடுதல். தோளுக்கு இது பெரிய தாவல். மணல் பாட்டிலில் கால் கிலோ, அரை கிலோ என்று ஏற்றலாம். கால் பயிற்சிக்கு இரண்டு கிலோ ஏற்றினாலும் தாங்கும்.

இனி சொல்வதை வெளியே பேசக் கூச்சப்படுவோம், ஆனால் பேசியே ஆக வேண்டும். மூன்று பிள்ளை பெற்றவர்களில் சிலருக்கு எடை தூக்கும்போது சிறுநீர் கசியும், சிலருக்குக் கர்ப்பப்பை இறக்கம் இருக்கும். கீழே கனம் இழுக்கிற மாதிரி இருந்தால், முதலில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள், அப்புறம் எடையைத் தொடலாம். கர்ப்பிணிகள், புதிதாகப் பிரசவித்தவர்கள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே. மற்ற எல்லாரும் தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். மூச்சைப் பிடித்தால்தான் தூக்க முடிகிறது என்றால் அந்த எடை உங்களுக்கு அதிகம். மறுநாள் தொடை கனத்து வலிப்பது இயல்பு. மூட்டில் ஊசி குத்துகிற மாதிரி வலித்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

நாங்கள் தொடங்கியது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், அந்த வேலைக்குப் போகிற பெண்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் பதினேழு நாள் பயிற்சி. முதல் மாதம் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, நரம்புதான் முதலில் பழகும். ஆனால் நோட்டில் தெரியும். ஆளுக்கொரு பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் தேதி, எடை, தடவை மட்டும் எழுதினோம். மதினியின் நோட்டில் முதல் நாள் "தோள் 2 கிலோ, 8", கடைசி நாள் "தோள் 3 கிலோ, 9, 9, 8".

தடைக்காலம் முடிந்ததும் வேலை நெருக்கி இரண்டு மூன்று வாரம் விட்டுப்போகும். திரும்பி வரும்போது விட்ட எடையிலேயே தொடங்காதீர்கள். ஒரு படி கீழே இறங்கி, எட்டு தடவை, ஒரு செட். மதினி இரண்டரையில் தொடங்கினாள், மூன்றாவது நாள் மூன்று கிலோவுக்கு வந்துவிட்டாள்.