அடினியம் போன்சாய்: புதிதாக வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு நர்சரியிலேயே நடந்துவிடுகிறது. அடி கிழங்குபோல் பருக்கும் பாலைவன ரோஜாதான் அடினியம்; அதைப் பூவைப் பார்த்து வாங்குகிறோம். கருஞ்சிவப்பிலும் மஞ்சளிலும் அடுக்கடுக்காகப் பூத்து நிற்பவை பெரும்பாலும் ஒட்டுச்செடிகள். போன்சாய் ஆக்குகிறேன், தொட்டியில் குட்டை மரமாக வளர்க்கிறேன் என்று ஒட்டுக்குக் கீழே வெட்டினால் அந்தப் பூ போயே போச்சு. அடிச்செடியின் பூதான் அடுத்து வரும். குச்சி நட்டு வளர்த்த செடி நன்றாகப் பூக்கும், ஆனால் அதன் அடி பருக்க ஆண்டுக்கணக்காகும். பருத்தாலும் விதைச்செடியின் வடிவம் வராது. போன்சாய்க்கு விதையில் முளைத்த செடியே சரி. பூவை விட்டுவிட்டு மண்ணை ஒட்டிய இடத்தைப் பாருங்கள். கிழங்கு கெட்டியாக இருக்க வேண்டும், வேர்கள் ஒரே பக்கம் ஓடாமல் சுற்றிலும் பிரிந்திருக்க வேண்டும். பூ இல்லாமல் மூலையில் கிடக்கும் செடியில்தான் பல நேரம் நல்ல அடி இருக்கும். விலையும் குறைவு.

அடுத்தது தண்ணீர். அடினியம் சாவதில் பாதிக்கு மேல் இதனால்தான் என்பேன். 'பாலைவன மரம்தானே' என்று சித்திரை வெயிலில் காயப்போடுகிறோம்; ஐப்பசி, கார்த்திகை மழையில் மற்ற தொட்டிகளோடு சேர்த்து மாடியில் நனையவிடுகிறோம். இரண்டும் தலைகீழ். இந்த மரத்தின் பூர்வீகம் சகாராவுக்குத் தெற்கே செனகல் தொடங்கி சோமாலியா வரை நீளும் வறண்ட நிலமும், ஏமன், ஓமன் பக்கத்து மலைச்சரிவுகளும். சாகேல் எனப்படும் அந்த ஆப்பிரிக்க வறண்ட நிலத்தில் மழை பெய்வது வெப்பமான ஜூன் முதல் செப்டம்பர் வரை. அந்தச் சூட்டில்தான் மரம் தண்ணீர் குடித்துக் கிழங்கில் சேர்த்துக்கொள்ளும். பிறகு வரும் வறண்ட, குளிர்ந்த மாதங்களில் இலையைக் கொட்டிவிட்டு ஓய்வெடுக்கும். நமக்கோ வடகிழக்குப் பருவமழை, இரவுகள் குளிரத் தொடங்கி மரம் ஓய்வுக்குத் தயாராகும் நேரத்தில் வருகிறது. வேர் உறிஞ்சாத தண்ணீர் மண்ணிலேயே தங்கி அழுகலைக் கொண்டுவருகிறது.

ஆகவே பங்குனி முதல் ஆவணி வரை, இலை பச்சையாகத் தழைத்திருக்கும்போது, மண்ணின் மேல்பகுதி காய்ந்ததும் தொட்டியின் அடித்துளை வழியாக ஓடும்வரை தாராளமாக ஊற்றலாம். அடைமழை தொடங்கும் முன் சன்ஷேடுக்கு அடியிலோ பால்கனியிலோ நகர்த்திவிடுங்கள். மார்கழியில் இலை பழுத்து உதிர்ந்தால் பதறி ஊற்ற வேண்டாம், அது நோயல்ல. சந்தேகம் வந்தால் கட்டைவிரலால் கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் கவலையில்லை. தோல் சுருங்கி லேசாக நெகிழ்ந்தால் தாகம். ஒரே ஓரிடம் மட்டும் கொழகொழவென்று அமுங்கி, புளித்த வாடை அடித்தால் அது அழுகல். அழுகலைத் தள்ளிப்போடாதீர்கள். சுத்தமான கத்தியால், பழுப்பு நிறம் கொஞ்சமும் இல்லாத வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி எடுத்து, பூஞ்சாணக்கொல்லி தடவி, மண்ணில்லாமல் நிழலில் உலரவிட வேண்டும். பாதிக் கிழங்கு போனாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். கொஞ்சம் பழுப்பை விட்டுவைத்தால் பிழைக்காது.

மண் கலவையிலும் நம் தாராள மனசு கெடுதல் செய்கிறது. செம்மண், மண்புழு உரம், கோகோபீட் (தென்னை நார்த்தூள்) என்ற ரோஜாக் கலவை இதற்கு ஆகாது. கோகோபீட் மேலே காய்ந்து தெரியும், உள்ளே ஈரம் பிடித்துவைத்திருக்கும். பாதிக்குக் குறையாமல் கரடான பொருள் வேண்டும்: உடைத்த செங்கல், கொரகொர மணல், கிடைத்தால் பியூமிஸ் என்ற துளைகள் நிறைந்த எரிமலைக் கல். எம்-சாண்ட் போட்டால் தூளைச் சலித்துத் தள்ளிவிடுங்கள். அந்தத் தூள் தொட்டியின் அடியில் படிந்து துளையையே அடைத்துவிடும்.

தொட்டி மாற்றியதும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது நம் கையோடு வந்த பழக்கம். அடினியத்துக்கு அதை நிறுத்தியே ஆக வேண்டும். வேரை வெட்டினால் வெட்டுவாய் ஆறி மூட வேண்டும். சில நாள் நிழலில் உலரவிட்டு, பிறகு காய்ந்த கலவையில் நட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். இந்த வேலைக்கு ஏற்ற காலம் மாசி, பங்குனி. மழைக்காலத்தில் வேரைத் தொடவே வேண்டாம்.

வாங்கிய மாதமே தட்டைத் தொட்டிக்கு மாற்றிவிடும் அவசரமும் பலருக்கு உண்டு. சின்னத் தட்டில் போனதும் அடி பருப்பது ஏறக்குறைய நின்றுபோகும். முதலில் அகலத் தொட்டியில் வளரட்டும். தாய்லாந்து, தைவான் வளர்ப்பாளர்கள் இளஞ்செடியின் ஆணிவேரை நறுக்கி, ஒரு தட்டையான தகட்டின்மேல் உட்கார வைத்துப் பக்கவேர்களைச் சுற்றிலும் பரத்தி விடுவார்கள். வீட்டில் ஓடு ஒன்றை வைத்து இதைச் செய்யலாம். ஒவ்வொரு முறை தொட்டி மாற்றும்போதும் கிழங்கைக் கொஞ்சம் மேலே தூக்கி வையுங்கள். ஒரேயடியாக முழுவதையும் வெளியே தெரியவைத்தால், அதுவரை மண்ணுக்குள் இருந்த மெல்லிய தோல் வெயிலில் வெந்துவிடும்.

கம்பி சுற்றிக் கிளையை வளைப்பது ஜப்பானியப் பைன் மரத்துக்குப் பொருந்தும். இதன் தண்டு மென்மையானது, வேகமாகப் பருக்கும். கம்பி பதிந்த தழும்பு மாறாது. வடிவம் கத்தரிப்பில்தான் வரும். மாசியில் துணிந்து வெட்டுங்கள், வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று தளிர்கள் கிளம்பும். பூ மொட்டு போகுமே என்று வெட்டாமல் விட்டால் நுனியில் மட்டும் இலை வைத்த நெட்டைக் குச்சிகள்தான் மிஞ்சும்.

வரவேற்பறை மேசையில் வைக்க ஆசை வேண்டாம். தினம் 5, 6 மணி நேர நேர்வெயில் இல்லாமல் இது பூக்காது. தழைச்சத்து உரத்தைக் கொட்டினாலும் இலைதான் வரும்.

கத்தரிக்கும்போது கசியும் பாலில் கவனம் வேண்டும். அரளிக் குடும்பத்துச் செடி இது. பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது, ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். கையுறை போடுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள், கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெட்டிய கிளைகளை ஆடு மாடு மேயும் தெருவோரம் வீசாமல் குப்பையில் கட்டிப் போடுங்கள். அரளியைத் தின்னும் கொழுத்த பச்சைப் புழு இந்த நஞ்சுக்கு அசராது. ஒரே இரவில் மொத்த இலையையும் மொட்டையடித்துவிடும். இலைக்கடியில் தேடிக் கையாலேயே எடுத்துவிடலாம்.