தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் விரும்பி வர: தேவைக் கோட்பாடுகளைக் கையாளும் முறை

மொரீசியசில் கோவில் மண்டபங்களில் மாலைநேரத் தமிழ் வகுப்பு நடத்தும் எங்களுக்கு ஆண்டுதோறும் ஒரே கவலைதான். என் வகுப்பில் சனவரியில் 30 பிள்ளைகள் இருந்தால் ஆகஸ்டில் 12 பேர் மிஞ்சுவார்கள். வீட்டில் கிரியோலும் பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சுமாக வளரும் பிள்ளைக்குத் தமிழில் ஆர்வமில்லை என்று சொல்லிவிடுவது எளிது; அப்படிச் சொன்ன பிறகு நாம் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அந்தப் பிள்ளையின் எந்தத் தேவை நம் வகுப்பில் நிறைவேறாமல் நிற்கிறது என்று பார்த்தால் வேலை தொடங்கும்.

முதலில் வயிற்றைப் பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் மனிதத் தேவைகளை உடல், பாதுகாப்பு, அன்பும் சேர்ந்திருத்தலும், மதிப்பு, தன் ஆற்றல் முழுதும் மலர்தல் என்று வரிசைப்படுத்தினார். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது நம் வழக்கு. அந்தப் பத்தில் கல்வியும் ஒன்று. பள்ளி முடிந்து, டியூஷனும் முடிந்து ஐந்து மணிக்கு வந்து உட்காரும் பிள்ளையிடம் உயிரெழுத்தைக் கேட்பதற்கு முன் ஒரு ரொட்டித் துண்டும் இரண்டு காத்தோ பிமாவும் (பருப்பில் செய்த சிறு காரவடை) கொடுங்கள். அந்தப் பத்து நிமிடம் வீண்போகாது. ஆனால் ஒரு படியை முழுதும் ஏறிய பிறகே அடுத்த படி என்று மாஸ்லோ சொல்லவில்லை. சராசரி மனிதருக்கு உடல் தேவை 85 விழுக்காடும், பாதுகாப்பு 70, அன்பு 50, மதிப்பு 40 விழுக்காடும் நிறைவேறியிருக்கலாம் என்று அவரே எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களைத் தந்தார். ஆகவே பசியாற்றும் அதே மாலையிலேயே, ழகரத்தைத் தவறாக ஒலிக்கும் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்காதபடியும் காக்க வேண்டும். ஒன்பது வயதில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் அதுதான் என்பது என் கருத்து.

அடுத்தது பரிசு, இதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். வருகைக்கு ஒரு நட்சத்திரம், பத்து நட்சத்திரத்துக்கு ஒரு பேனா என்று அட்டை போட்டேன். இரண்டு மாதம் மண்டபம் நிறைந்தது. பேனா தீர்ந்த வாரம் முதல், அதற்கு முன் தாமாகவே வந்துகொண்டிருந்த பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வை அப்போது நான் படித்திருக்கவில்லை. வண்ணப் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, முன்கூட்டியே வாக்குறுதி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். எனவே பரிசு தருவதானால் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். வேலை முடிந்த பிறகு, இந்த வரியில் ஒற்றெழுத்தை விடாமல் எழுதியிருக்கிறாய் என்று செய்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டிக் கொடுங்கள்.

மண்டபத்தின் நாற்காலி, மின்விசிறி, வெளிச்சம் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். ஆனால் அவற்றை நம்பியிருக்காதீர்கள். இத்தகையவை குறைந்தால் மனக்குறை வரும், நிறைந்தாலும் ஊக்கம் வராது என்று உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959இல் பணியிடங்களைப் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்துகிறது.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் மனிதரின் உள்ளூக்கத்துக்கு மூன்று தேவைகளை அடிப்படையாகக் கொண்டார்கள்: தானே தெரிவு செய்தல், தன்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு ஒட்டியிருத்தல். வகுப்புத் திட்டத்தை இவற்றின் மேல் கட்டுங்கள். நம் நாட்டு நாணயத்தாளில் தொகை தமிழிலும் அச்சிடப்பட்டிருப்பது நமக்கு வாய்த்த நல்ல பாடநூல். முதலில் நூறு ரூபாய்த் தாளைக் கொடுங்கள். 'நூறு' என்பதில் இரண்டே எழுத்து. பிறகு 'ஐம்பது', நான்கு எழுத்து. பிறகு 'இருபத்தைந்து', ஏழு எழுத்து, நடுவில் இரண்டு ஒற்று. எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பையன் 'த்' என்ற இடத்தில் விரலை வைத்து நின்று, உதட்டை அசைத்துப் பார்த்து, முழுச்சொல்லையும் சொல்லி முடித்ததும், "மிஸ், வேறு தாள் இருக்கிறதா?" என்று கேட்டான். அன்று அவனுக்கு நான் எந்த நட்சத்திரமும் கொடுக்கவில்லை. பாடம் சற்றே கடினமாகவும் எட்டும் தொலைவிலும் இருக்க வேண்டும் என்பதை அவன் விரல் எனக்குக் கற்றுத்தந்தது.

தெரிவு செய்யும் உரிமையைச் சிறிதாகத் தொடங்கலாம்: காவடித் திருவிழாவுக்கு முந்திய வாரங்களில் முருகன் பெயர்களை எழுதுவதா, வாழை இலையில் பரிமாறும் ஏழு கறிகளின் பெயர்களை எழுதுவதா என்று அவர்களே முடிவு செய்யட்டும். கறிகளைத் தெரிந்தெடுத்தவர்கள் பாட்டியிடம் கேட்டுத்தான் எழுத முடியும். ஒட்டுறவும் அங்கேயே வந்துவிடுகிறது.

தேர்வு எழுதும் வயதுப் பிள்ளைகளிடம் உளவியலாளர் விக்டர் வ்ரூம் 1964இல் முன்வைத்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: முயன்றால் உன்னால் முடியுமா, முடித்தால் பயன் கிடைக்குமா, அந்தப் பயன் உனக்கு வேண்டுமா? இவற்றைப் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்றார் அவர். ஒன்று சுழியானாலும் முழுதும் சுழிதான்.

நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்குப் போகும்போது ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். வந்த நாள்களில் எந்த நாள் பிடித்திருந்தது என்று கேளுங்கள். அந்தப் பதிலைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே எழுதி வைத்து, அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்குங்கள்.